பட்டிக்கு ஓர் இரும்பு ஒழுங்கை: இரண்டு ஊசிப் பருவங்களின் பின்

திருகோணமலையில் உள்ள ஒரு வெல்டிங் வேலைத்தளத்தில் செய்வித்து, தம்பலகாமத்தில் எமது மாட்டுப் பட்டியில் பொருத்திய மாடுகளைச் சேர்த்து நிறுத்தும் அடைப்பு, அவை ஒன்றன்பின் ஒன்றாக நடந்துவரும் குறுகிய ஒழுங்கை, ஊசி போடும்போது கழுத்தைப் பிடித்துவைக்கும் கழுத்துப் பூட்டு ஆகிய மூன்றையும் இரண்டு தடுப்பூசிப் பருவங்களாகப் பயன்படுத்தி வருகிறோம். அதற்கு முன்னர் நாற்பது மாடுகளையும் சுருக்குக் கயிறு எறிந்து பிடித்து, மரத்தோடு இழுத்துக் கட்டியே ஊசி போட்டோம். கால்நடை வைத்தியர் வந்த நாளில் ஒருவராவது உதை வாங்காமல் வீடு திரும்பியதில்லை. இப்போது காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் பத்து மணிக்குள் வேலை முடிந்துவிடுகிறது.

ஒழுங்கையின் அகலத்தை வேலைத்தளத்தார் 30 அங்குலமாக வைக்க விரும்பினார்கள். மாடு தாராளமாக நிற்கட்டும் என்பது அவர்கள் எண்ணம். ஆனால், நாட்டு மாடு சிறிய உடம்புடையது. இடம் கிடைத்தால் பாதி வழியில் திரும்பிவிடும், திரும்பிய மாடு பின்னால் வருவதன் மேல் ஏறும். ஆகவே 24 அங்குலத்தில் உறுதியாக நின்றேன், அது சரியாகவே அமைந்தது. பக்கங்களைத் தகரத்தால் மூடச் சொன்னதும் வீண்போகவில்லை. வெளியே நிற்கும் ஆட்களும் நாய்களும் கண்ணில் படாவிட்டால் மாடு மிரளாது என்பதைக் கொலராடோ அரச பல்கலைக்கழகப் பேராசிரியர் டெம்பிள் கிராண்டின் நெடுங்காலமாக வலியுறுத்தி வருகிறார். ஒருநாள் முழுப் பட்டியும் ஒழுங்கை வாயிலில் நின்றுவிட்டது. தடியால் அடித்தும் அசையவில்லை; தேடிப் பார்த்தால், மேல் கம்பியில் யாரோ காயப்போட்டிருந்த சாரம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதை எடுத்தவுடன் தாமாகவே நடந்தன.

கழுத்துப் பூட்டுத்தான் பெரிய குறை. வளைந்த கம்பிகளால் செய்திருந்தார்கள். முதற் பருவத்தில் சினை மாடொன்று முன்னங்கால் மடிந்து விழுந்தபோது, வளைவு தொண்டையில் அழுந்தி நாக்கு வெளியே வந்துவிட்டது. பாரம் இழுத்ததில் கொண்டி இறுகி, சுத்தியலால் அடித்தே திறந்தோம். நேரான கம்பி என்றால் விழுந்த மாட்டின் கழுத்து பூட்டோடு கீழிறங்கும், தொண்டை அவ்வளவு நெரிபடாது. மாற்றித் தந்தார்கள், ஆனால் அதற்கும் தனியாகப் பணம் வாங்கியது எனக்கு நியாயமாகப்படவில்லை.

தரைக்கு வழுவழுப்பான சீமெந்துப் பூச்சுப் போட்டதும் தவறே. மார்கழி மழையில் கிடாரிகள் சறுக்கின. சறுக்கிய மாடு பதறும், பதறிய மாடு பாயும். பின்னர் குறுக்குக் கோடுகள் கீறிய தளமாக மாற்றினோம். நிறப்பூச்சு ஆறே மாதத்தில் உப்புக் காற்றுக்கு உரிந்துவிட்டதால், புதிதாகச் செய்விப்பவர்கள் துத்தநாகம் பூசிய குழாயையே கேட்பது நல்லது.

ஓட்டுகிறவர் பழக வேண்டியதும் உண்டு. மாட்டின் தோளுக்கு முன்னால் நின்றால் அது பின்வாங்கும். தோளைத் தாண்டி அதன் வாலை நோக்கி நாம் நடந்தால் அது முன்னே போகும். இதைத் தெரிந்துகொண்ட பின் தடியைத் தூக்கும் தேவை வெகுவாகக் குறைந்துவிட்டது.

அடைப்பின் மூலையில் 14 அங்குல இடைவெளி விடும்படி வரைபடத்திலேயே குறித்திருந்தேன். மாடு பாய்ந்தால் ஆள் அதன் வழியே நழுவிவிடலாம், மாடு வர முடியாது. அளவுப் பிழை என்று எண்ணி வேலைத்தளத்தார் அதையும் குழாய் வைத்து அடைத்துவிட்டார்கள். பொருத்திய அன்றே அறுத்துத் திறந்தோம்.