முதலில் தரையா, ஸ்கர்ட்டிங்கா: இரண்டு அறைகளின் அனுபவம்

வீட்டைப் புதுப்பிக்கத் தொடங்கியிருக்கும் நண்பர் ஒருவர், தரை டைல்ஸை முதலில் பதிப்பதா, சுவரின் அடியில் ஓடும் பட்டையான ஸ்கர்ட்டிங்கை முதலில் ஒட்டுவதா என்று கேட்டார். சென்னையில் உள்ள எங்கள் பழைய அடுக்ககத்தில் கூடத்துக்கு ஒரு வரிசையும் படுக்கையறைக்கு அதற்கு நேர்மாறான வரிசையும் அமைந்துவிட்டதாலும், அந்தப் படுக்கையறையைச் சென்ற மாதம் உடைத்துச் சரிசெய்ய நேர்ந்ததாலும், பதிலை விரிவாகவே எழுதுகிறேன்.

இரண்டு அறைகளிலும் பழைய மொசைக் தரையின் மேலேயே 2 அடிக்கு 2 அடி விட்ரிஃபைடு டைல்ஸ் பசை வைத்துப் பதிக்கப்பட்டது. கூடத்தில் தரை முடிந்த பிறகு, அதன்மேல் உட்காரும்படி 4 அங்குல ஸ்கர்ட்டிங் ஒட்டப்பட்டது. படுக்கையறைக்கான டைல்ஸ் வந்து சேரத் தாமதமானபோது, ஆட்களுக்கு வேலை நிற்கக் கூடாது என்பதற்காக ஒப்பந்தக்காரர், வேறு நிறத்தில் வாங்கி வைத்திருந்த ஸ்கர்ட்டிங்கை அங்கே முதலில் சுவரில் ஏற்றிவிட்டார். பின்னால் வந்த தரை அதில் முட்டி நின்றது.

இந்த முட்டல்தான் இத்தனை ஆண்டுகளாக என்னை அலைக்கழித்த தொல்லை. டைல்ஸ் தரை வெயில் காலத்தில் சிறிதளவேனும் விரியும் என்பதால், சுவரோரம் முழுவதும் இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், இடைவெளி விட வேண்டும். தரையின் மேல் அமரும் ஸ்கர்ட்டிங், டைலின் கனமும் பசையின் கனமும் சேர்ந்து ஏறத்தாழ அரை அங்குலம் முன்னால் நிற்கும்; அந்த இடைவெளியையும், வெட்டிய டைலின் ஓரத்தில் கட்டர் விட்ட சில்லுகளையும் ஒருசேர மறைத்துவிடும். ஸ்கர்ட்டிங் முன்பே நின்றுவிட்டால் இடைவெளியை மறைக்க எதுவும் இல்லை. ஆகவே டைலை நெருக்கி வெட்டி, மிச்சப் பிளவில் கிரௌட் (டைல் இடுக்குகளை நிரப்பும் கலவை) அடைத்துவிடுகிறார்கள். விரிவதற்குத் தரைக்கு வழியே இல்லாமல் போகிறது.

எங்கள் படுக்கையறையில் அந்தக் கிரௌட் கோடு ஒவ்வொரு கோடையிலும் விரிந்தது. வெள்ளைச் சிமெண்டால் அடைத்தோம், பிறகு எபாக்ஸியால் அடைத்தோம்; சில மாதங்களில் மயிரிழை போல மறுபடியும் திறந்தது. மாப் போடும் நீர் அதற்குள் இறங்கிப் பூச்சின் அடிப்பகுதி ஊறியது, ஸ்கர்ட்டிங்குக்கு மேலே பெயிண்ட் உப்பியது, மழைக்காலத்தில் சிற்றெறும்புகள் மண்ணைக் கொண்டுவந்து வரிசையாகக் கொட்டின. இந்த ஆண்டுக் கோடையில் சன்னலோரம் இரண்டு டைல்கள் முட்டிக்கொண்டு கூரைபோல் எழும்பின. அறையின் மற்றப் பகுதியையும் தட்டிப் பார்த்தபோது ஓரங்களில் வெற்றொலி கேட்டது, அதாவது அங்கும் டைல் பிடிப்பு விட்டிருந்தது.

சரிசெய்யும் வேலை தரையோடு நின்றுவிடவில்லை. ஸ்கர்ட்டிங்கை நெம்பினால் டைல் முழுதாக வருவதில்லை, பூச்சையும் பெயர்த்துக்கொண்டு துண்டு துண்டாகத்தான் வரும். அதன் பிறகு பட்டி, பிரைமர், பெயிண்ட் என்று நான்கு சுவர்களுக்கும் செலவு நீண்டது. அதே நிற டைல் கடையில் இல்லை. நாலு நாள் காத்திருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய ஒன்றுக்காக ஓர் அறையையே காலி செய்ய வேண்டியிருந்ததை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

ஆயினும் அந்த அறைக்கு உரிய பாராட்டைக் கொடுக்காமல் இருப்பது நியாயமாகாது. பழைய ஸ்கர்ட்டிங்கைக் கொத்தியெடுத்த பள்ளத்திலேயே புதியதைப் பதித்ததால், அங்கே ஸ்கர்ட்டிங் சுவரோடு சமமாக நின்றது. கட்டிலும் அலமாரியும் சுவரை ஒட்டி நின்றன. மேல் விளிம்பில் தூசி தங்க இடமே இல்லை. கூடத்தில் பள்ளத்தைப் பூசி நிரப்பிவிட்டு அதன்மேல் ஒட்டியதால், அரை அங்குல விளிம்பு அறையைச் சுற்றி ஓடுகிறது; அதைத் தினமும் துடைக்க வேண்டும். புத்தக அலமாரிக்குப் பின்னால் ஏதாவது விழுந்துகொண்டே இருக்கும். ஒரு டைலிலிருந்து அறுத்தெடுக்கும் பட்டைகளில் இரண்டுக்கு மட்டுமே தொழிற்சாலையில் முடித்த நீள ஓரம் இருக்கும். மற்றவற்றை மேல்பக்கம் தேய்த்து மழுக்காமல் ஒட்டிவிட்டதால், கூடத்தின் சில இடங்களில் விளிம்பு துணியைப் பிடித்து இழுக்கிறது. ஆனால் அதே கூடத்தில் இதுவரை ஒரு டைலும் எழும்பவில்லை, ஓர் எறும்பும் வரவில்லை, சுவரின் அடியில் ஈரக்கறை படிந்ததில்லை.

இரண்டின் நன்மையையும் ஒரே அறையில் பெற முடியும். சுவரைக் கொத்துவதைத் தரைக்கு முன்பே முடித்துவிட வேண்டும். புதுத் தரைமேல் சுத்தியல் விழக் கூடாது. பள்ளத்தின் ஆழம், தரையோர இடைவெளியை ஸ்கர்ட்டிங் மூடும் அளவுக்கு மட்டும் இருக்க வேண்டும். முழுச் சமம் வேண்டுமென்று இன்னும் ஆழமாகக் கொத்தினால் இடைவெளி வெளியே தெரியும். பிறகு இரண்டு நூல் விட்டுத் தரை, அதன்மேல் ஸ்கர்ட்டிங், கடைசியாகப் பட்டியும் இறுதிக் கோட் பெயிண்டும். ஸ்கர்ட்டிங்குக்கும் தரைக்கும் நடுவில் உள்ள கோட்டில் சிமெண்ட் கிரௌட்டை அடைக்காமல், அசைவு தாங்கும் சிலிக்கான் சீலன்ட் வைக்கச் சொல்லுங்கள். மரப்பலகை போன்ற லேமினேட் தரையானால் இந்த வரிசை இன்னும் கண்டிப்பானது: சுவரோரம் 8 முதல் 10 மில்லிமீட்டர் இடம் விட வேண்டும், ஸ்கர்ட்டிங்கின் ஆணி சுவரில்தான் இறங்க வேண்டும், தரையில் இறங்கக் கூடாது.

இவ்வளவும் சொன்ன பிறகு, நண்பருக்கு நான் தரும் முடிவு வேறாக இருக்கிறது. அவர் வீட்டிலும் தரை மொசைக்தான், விரிசல் இல்லை, மங்கியிருக்கிறது, அவ்வளவே. எங்கள் வீட்டில் நாங்கள் தொடாமல் விட்ட சிறிய அறையில் தரையும் ஸ்கர்ட்டிங்கும் அந்தக் காலத்துக் கொத்தனார் ஒரே கையாகச் செய்தவை. இரண்டும் சேரும் மூலை வளைவாக மழுக்கப்பட்டிருக்கிறது, துடைப்பம் தடையில்லாமல் ஏறி இறங்குகிறது, அடைப்பதற்கு அங்கே ஒரு கோடு இல்லை. டைல்ஸுக்குச் சொன்ன நல்ல வரிசையெல்லாம் உண்மையே என்றாலும், இன்றைய மனநிலையில் என்னால் அவரை டைல்ஸ் வாங்கச் சொல்ல முடியவில்லை. மொசைக்குக்கு பாலிஷ் போடட்டும். பெரிய இயந்திரம் சுவரோரம் எட்டாது என்பதால், ஓரங்களையும் ஸ்கர்ட்டிங்கையும் கை மெஷினால் தேய்க்க ஆள் உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளட்டும்; பாலிஷ் சேறு சுவரில் தெறிக்கும், ஆகையால் பெயிண்டரை அதற்குப் பிறகு வரச் சொல்லட்டும்.