ரீமேப் ஆக்டேவியா ஆர்.எஸ். விற்பனைக்கு: கோவையில் எந்த வழி தேறும்?

ஸ்கோடா ஆக்டேவியாவின் ஸ்போர்ட்ஸ் வடிவமான ஆர்.எஸ். 2004-ல் இந்தியாவுக்கு வந்தது. 1.8 லிட்டர், 20 வால்வு டர்போ பெட்ரோல், 150 குதிரைத்திறன், 5 கியர் மேனுவல். இன்று கோவை, திருப்பூர் பக்கம் ஓடுகிற ஆர்.எஸ்.களில் கம்பெனி விட்டபடியே இருப்பது அபூர்வம். ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றிப் பவரைக் கூட்டுவது), டவுன்பைப் (டர்போவிலிருந்து இறங்கும் எக்ஸாஸ்ட் குழாய்), ஏர் இன்டேக், வண்டியைத் தாழ்த்தும் லோயரிங் ஸ்பிரிங் என்று ஏதாவது ஏறியிருக்கும். அதே வண்டியில்தான் தினமும் ஆபீஸுக்கும் மார்க்கெட்டுக்கும் போய் வருவார்கள். இப்படி ஒரு காரை விற்கக் கொங்குப் பகுதியில் நான்கு வழிகள் இருக்கின்றன. இரண்டு நேர விரயம், ஒன்று சுமார், ஒன்றுதான் தேறும்.

முதலில் ஆப் கம்பெனிகள். வீட்டுக்கே ஆள் வந்து போட்டோ எடுத்து, ஆன்லைன் ஏலத்தில் விடுவார்கள். ஸ்விஃப்ட், ஐ20 விற்க நல்ல வழி. ஆர்.எஸ்.ஸுக்கு வேலைக்கு ஆகாது. வருகிற இன்ஸ்பெக்டரின் டேப்லெட்டில் மாடல் வருஷம், கிலோமீட்டர், கீறல் எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கும். டைமிங் பெல்ட் மாற்றிய பில்லுக்குக் கட்டம் கிடையாது. எக்ஸாஸ்ட் சத்தத்தைக் குறை என்று குறித்துக்கொண்டு, சாதாரண ஆக்டேவியா விலைக்கும் கீழே ஒரு தொகை சொல்வார்கள். பெரும்பாலும் இந்த வயது வண்டியை எடுக்கவே மாட்டார்கள்.

அடுத்தது கார் கன்சல்டிங், அதாவது பழைய கார் வாங்கி விற்கும் கடைகள். அவினாசி ரோட்டிலும் சத்தி ரோட்டிலும் வரிசையாக இருக்கின்றன. இங்கே பேச்சு நேர்மையாகவே இருக்கும். "ஏனுங்க, வண்டி நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா இந்தச் சத்தத்துக்கு ஃபேமிலிக்காரங்க யாருங்க எடுப்பாங்க? ஒரிஜினல் சைலன்சர் இருந்தா மாட்டிக் கொண்டாங்க, பேசிக்கலாமுங்க." கடைக்காரர் சொல்வது நியாயம். அவருக்குக் காசு முடங்கக் கூடாது. மாதக் கணக்கில் வாசலில் நிற்கப் போகிற வண்டிக்கு அவர் சொல்லும் விலை அடிமாட்டு விலைதான். பணம் அன்றைக்கே கையில் வரும் என்பது ஒன்றுதான் லாபம். பணம் அவசரமென்றால் மட்டும் போங்கள்.

பார்க் அண்ட் சேல் சுமார். கமிஷன் பேசி வண்டியை அவர்கள் இடத்தில் நிறுத்துவது. பிரச்சினை என்னவென்றால், வருகிறவன் போகிறவன் எல்லாம் டெஸ்ட் டிரைவ் கேட்பான். எஞ்சின் ஆயில் சூடாவதற்கு முன்பே டர்போவை ஏற்றி ஓட்டுவான். சாவி உங்களிடம் இருக்கட்டும், ஓட்டிப் பார்க்க முன்கூட்டியே சொல்லி நேரம் வாங்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒத்துக்கொள்ளாத இடத்தில் நிறுத்தாதீர்கள்.

தேறுகிற வழி, வண்டியைத் தெரிந்தவருக்கு நேரடியாக விற்பது. கோயம்புத்தூர் இதற்குத் தோதான ஊர். செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, தெருவுக்குத் தெரு லேத் பட்டறை இருக்கிறது, வார இறுதியில் வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளுக்காகவே வண்டி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்று, கடற்கரை உப்புக் காற்று படாத ஊர் என்பதால் டி.என். 37, 38 வண்டிகளின் அடித்தளத்தைத் துரு தின்றிருக்காது. 2015 வெள்ளத்தில் நனைந்த வண்டியோ என்று சென்னைக் காரைப் பார்த்து வருகிற சந்தேகமும் இங்கே இல்லை. ரேம்ப்பில் ஏற்றி அடித்தளத்தைப் பத்துப் போட்டோ எடுத்து விளம்பரத்தில் போடுங்கள். பாலிஷ் போட்ட பானெட் போட்டோவைவிட அதற்குத்தான் போன் வரும்.

ஆனால் வண்டியைத் தெரிந்தவர் சோதிப்பதும் வேறு மாதிரி இருக்கும். எஞ்சின் கம்ப்யூட்டரின் அளவுகளைப் படிக்கும் வி.சி.டி.எஸ். கேபிளும் லேப்டாப்பும் எடுத்துக்கொண்டு வருவார். அதில் 032 என்ற பிளாக்கில் ஃபியூல் டிரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) பார்ப்பார்; கூட்டல் கழித்தல் 10 சதவீதத்தைத் தாண்டினால் எங்கோ காற்று கசிகிறது, அல்லது உள்ளே போகும் காற்றை அளக்கும் எம்.ஏ.எஃப். சென்சார் போய்விட்டது என்று அர்த்தம். 002 பிளாக்கில் ஃபுல் திராட்டிலில் எத்தனை கிராம் காற்று வருகிறது என்று பார்ப்பார். குதிரைத்திறனை 0.8-ஆல் பெருக்கினால் விநாடிக்கு வரவேண்டிய கிராம் கிடைக்கும் என்பது பட்டறைக் கணக்கு. 150-க்கு 120 கிராம். 190 குதிரைத்திறன் ரீமேப் என்று விளம்பரத்தில் எழுதிவிட்டு 115 கிராம்தான் வருகிறது என்றால் பேரம் அங்கேயே முடிந்தது. அதனால் விளம்பரம் போடுவதற்கு முன் இதையெல்லாம் நீங்களே பார்த்துவிடுங்கள்.

கம்ப்ரஷன் டெஸ்ட்டும் (சிலிண்டர்களின் அழுத்தச் சோதனை) எடுத்து வையுங்கள். இந்த எஞ்சினுக்கு 7 பாருக்குக் கீழே போகக் கூடாது, சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 3 பாரைத் தாண்டக் கூடாது. அந்தத் தாளைக் காட்டினால் பாதிக் கேள்வி குறையும். டைமிங் பெல்ட் அறுந்தால் பிஸ்டனில் வால்வு இடித்து ஹெட்டே போகும் எஞ்சின் இது. ஆகவே பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றும் ஒன்றாக மாற்றிய பில் இருக்கிறதா என்பதே எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. பழைய பம்ப்பின் பிளாஸ்டிக் இறக்கை தனியாகக் கழன்று சுற்றும். மெட்டல் இறக்கை பம்ப் போட்டிருந்தால் விளம்பரத்திலேயே எழுதுங்கள். மாற்றிப் பல வருஷம் ஆகியிருந்தால் மாற்றிவிட்டு விற்பதே லாபம். வாங்குபவர் அந்த வேலைக்குக் கழிக்கும் தொகை எப்போதும் வேலையின் செலவைவிடப் பெரிது.

கிளட்ச்சைச் சோதிக்க 4-வது கியரில் 2,500 ஆர்.பி.எம்.மில் ஒரே மிதி மிதிப்பார்கள். ஆர்.பி.எம். முள் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் பழைய கிளட்ச் ரீமேப்பின் டார்க்கைத் தாங்கவில்லை. டர்போ காற்றைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வு கிழிந்திருந்தால் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) நிற்காது. 710என் வால்வு போட்டால் தீரும், சின்னச் செலவு. பிளக்கின் இடைவெளி அதிகமாக இருந்தால் ஃபுல் பூஸ்ட்டில் மிஸ்ஃபயர் ஆகும், எல்லாரும் இக்னிஷன் காயில் மேல் பழி போடுவார்கள்.

அதிகம் கவனிக்கப்படாத இடம் வீல். ஆக்டேவியாவின் ஹப் (வீலின் நடு ஓட்டை உட்காரும் மேடு) 57.1 மில்லிமீட்டர், 5x100 போல்ட் அமைப்பு (100 மில்லிமீட்டர் வட்டத்தில் 5 போல்ட்). வெளி அலாய்களின் நடு ஓட்டை இதைவிடப் பெரிதாக இருக்கும். நடுவில் ரிங் இல்லாமல் போல்ட்டை மட்டும் நம்பி மாட்டினால் வீல் மையத்தில் உட்காராது. பேலன்சிங் எத்தனை முறை செய்தாலும் 90-ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்கும். வாங்க வருபவர் நீலாம்பூர் பைபாஸில் ஓட்டிவிட்டு "சஸ்பென்ஷன் போச்சுங்களே" என்று விலையில் பெரிய துண்டைக் குறைப்பார். உண்மையில் தேவைப்பட்டது நாலு ரிங். லேத்தில் கடைந்து வாங்கிய ஸ்பேசர் (வீலை வெளியே தள்ளும் தட்டு) இருந்தால், ஹப்பில் சேரும் உதடு அதில் இருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள். தட்டையாக இருந்தால் எடுத்துவிட்டு விற்பது நல்லது.

தினசரி வண்டி என்று சொல்லி விற்கிறீர்கள் என்றால் ஏ.சி.யைப் போட்டுக் காந்திபுரம் டிராஃபிக்கில் நிற்க வைப்பார்கள். டெம்பரேச்சர் முள் 90-ல் அசையாமல் நிற்க வேண்டும். நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினால் ரேடியேட்டர் ஃபேனின் முதல் வேகம் வேலை செய்யவில்லை, ரெசிஸ்டர் போயிருக்கும். இதை வைத்தே ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று பயமுறுத்தி விலை கேட்பவர்கள் உண்டு.

மாடிஃபிகேஷனுக்குக் கொட்டிய காசு திரும்பி வராது. பில்லைக் கூட்டி விலையில் சேர்க்கிறவர்களின் விளம்பரம்தான் வருஷக் கணக்கில் அப்படியே கிடக்கிறது. ஒரிஜினல் பார்ட்ஸ் மச்சில் கிடந்தால் திரும்ப மாட்டிவிட்டு, கழற்றியதைத் தனியாக விற்பதே கெட்டிக்காரத்தனம். டவுன்பைப், காயில்ஓவர் (உயரத்தை மாற்றக்கூடிய சஸ்பென்ஷன்), இன்டர்கூலர் (டர்போ காற்றைக் குளிர்விப்பது) தனியே நல்ல விலைக்குப் போகும். உக்கடத்தில் பழைய ஆர்.எஸ். சைலன்சர் கிடைக்குமா என்று கடைசி நேரத்தில் அலைவது வீண் வேலை. ரீமேப்பை மட்டும் விட்டுவைக்கலாம். ஸ்டாக் ஃபைல் (கம்பெனி சாஃப்ட்வேர்) பேக்கப் இருந்தால் ஓ.பி.டி. (ஸ்கேனர் மாட்டும் சாக்கெட்) வழியாகவே திரும்ப ஏற்றலாம் என்பதால் அதை பென் டிரைவில் போட்டுக் கொடுங்கள்.

திரும்ப மாட்டச் சட்டக் காரணமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி கம்பெனி விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. 182ஏ பிரிவில் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை. 15 வயது தாண்டிய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்க எஃப்.சி. (தகுதிச் சோதனை) காட்டியாக வேண்டும். கேட்டலிடிக் கன்வர்ட்டர் இல்லாத டவுன்பைப்போடு புகைச் சோதனைக்குப் போனால் சி.ஓ. (கார்பன் மோனாக்சைடு) 0.5 சதவீதத்துக்குள் நிற்பது கஷ்டம். ஆர்.சி. கையில் நாலு வருஷமாவது மிச்சம் இருக்கும்போது விற்றால் விலை நன்றாக இருக்கும். காலாவதியான ஆர்.சி.யோடு விற்கப் போகாதீர்கள்.

வாளையாறு தாண்டி வருகிற கேரளக்காரர்கள் நல்ல விலை கொடுப்பார்கள், பேரமும் சுருக்கமாக இருக்கும். ஆனால் அங்கே மாடிஃபிகேஷன் மேல் கெடுபிடி அதிகம்; முழு ஸ்டாக்காக இல்லாவிட்டால் ரீ-ரெஜிஸ்ட்ரேஷனில் சிக்கி உங்களுக்கே திரும்பப் போன் வரும். அவர்களுக்குப் படிவம் 28-ல் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) எடுக்க வேண்டும்.

உள்ளூர் விற்பனைக்குப் படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30. லோன் முடிந்திருந்தாலும் ஆர்.சி.யில் பேங்க் பெயர் இருந்தால் முதலில் படிவம் 35. "பெயர் அப்புறம் மாத்திக்கறேனுங்க" என்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். ஆர்.சி.யில் யார் பெயரோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆர்.எஸ். மாதிரி வண்டியில் இது வெறும் பேச்சில்லை. 14 நாளுக்குள் நீங்களே ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் கொடுத்து, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸில் நோ கிளெய்ம் போனஸ் உங்களுடையது, காரோடு போகாது. 50 சதவீதம் வரை சேர்ந்திருந்தால் கம்பெனியிடம் கடிதம் வாங்கி அடுத்த காருக்கு மூன்று வருஷத்துக்குள் பயன்படுத்தலாம். பாக்கி இ-சலான் இருந்தால் கட்டிவிட்டு, ஃபாஸ்டேக்கை அன்றைக்கே மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் கணியூர் டோலில் வாங்கியவர் போக, உங்கள் கணக்கில் காசு போய்க்கொண்டிருக்கும்.