செசபீக் பேல சார்ட்டர் போட்: எந்த மாசம் எந்த மீனுக்குப் போலாம்

வர்ஜீனியால இருக்கற ஃப்ரெண்ட் ஒருத்தர் போன வாரம் கேட்டாரு, "ஆகஸ்ட்ல அப்பா அம்மா வராங்க, சார்ட்டர் போட் புக் பண்ணலாமா, ராக்ஃபிஷ் கிடைக்குமா"ன்னு. சார்ட்டர்னா கேப்டனோட சேத்து வாடகைக்கு எடுக்கற மீன்பிடி போட், ராக்ஃபிஷ்னா ஸ்ட்ரைப்ட் பாஸுக்கு இந்தப் பக்கம் சொல்ற பேரு. ஃபோன்ல முழுசா சொல்ல முடியல, அதான் எழுதறேன். செசபீக் வளைகுடால மேரிலாண்ட் பக்கம் சாலமன்ஸ், டீல், செசபீக் பீச், இந்த மூணு எடத்துல இருந்தும் பல வருஷமா போயிட்டிருக்கேன். ஆறு பேர் போட், நமக்கு தனியா லைசென்ஸ் தேவையில்ல, மேட்டுக்கு (கேப்டனோட உதவியாளுக்கு) டிப் தனி, அதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், அதுக்குள்ள போகல.

ஆகஸ்ட்ல போறதா இருந்தா ஸ்பானிஷ் மேக்கரெல்னு சொல்லிக் கேளுங்க. நம்ம வஞ்சிரத்தோட அதே குடும்பம் தான், உடம்புல கோடுக்குப் பதிலா மஞ்சப் புள்ளி இருக்கும், சைஸ் மட்டும் சின்னது. மழை கம்மியான வருஷத்துல பே தண்ணி உப்பு ஏறும், அப்போ இது தெக்கேருந்து நல்லா மேல வரைக்கும் ஏறி வரும். போட்ட கொஞ்சம் வேகமா விட்டு பின்னாடி பிளேனர் (தூண்டி லைன ஆழத்துக்கு இறக்கற பலகை) கட்டி, ஸ்பூன்னு சொல்ற சின்ன சின்ன மின்னற உலோகத் தூண்டில் இழுத்துட்டு போவாங்க, ஒண்ணு அடிச்சா அடுத்தடுத்து ராடு வளையும், நடுவுல ப்ளூஃபிஷ்ஷும் வரும். மேரிலாண்ட்ல ஆளுக்கு 15 வரைக்கும் வச்சுக்கலாம், 14 இன்ச்சுக்கு கீழ இருந்தா விட்டுடணும். கரைக்கு வந்ததும் மேட் கத்திய எடுத்து ஃபில்லே போட ஆரம்பிச்சுடுவாரு, முள்ளு தல எல்லாம் தண்ணிக்குள்ள போயிடும், அதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, முழுசா வேணும்னு. வீட்டுக்கு வந்து குறுக்கால துண்டு போட்டு மொளகாத்தூள் மஞ்சத்தூள் தடவி அன்னைக்கே வறுத்தா, இத்தன வருஷத்துல அமெரிக்கால நான் சாப்பிட்ட மீன்லயே இதுதான் பெஸ்ட்னு தயங்காம சொல்வேன்.

ஆனா கோவம் வர்ற விஷயமும் இதே ஆகஸ்ட்ல தான் இருக்கு. போன வருஷம் போன போட்ல மேக்கரெல் போதும்ங்கற அளவுக்கு கிடைச்சுடுச்சு, இன்னும் டைம் இருக்குன்னு கேப்டன் உயிரோட இருக்கற ஸ்பாட்ங்கற சின்ன மீன ஹூக்குல மாட்டி ராக்ஃபிஷ்ஷுக்கு போட்டாரு. 2024ல வந்த ரூல்படி ஆளுக்கு ஒண்ணு, அதுவும் 19 இன்ச்லேருந்து 24 இன்ச்சுக்குள்ள இருந்தாதான். டேப் வச்சு அளக்கறோம், கொஞ்சம் கொறையுது, கடல்ல விடு, அடுத்தது கொஞ்சம் ஜாஸ்தி, விடு. விட்டதுல சிலது வயித்த மேல காட்டிட்டு மெதந்துட்டே போச்சு. ஆகஸ்ட்ல மேல் தண்ணி கொதிக்கற சூடு, அடித்தண்ணில ஆக்சிஜன் இல்ல, மீன் நடுவுல மாட்டிட்டு ஏற்கனவே தவிக்குது, அத இழுத்து வெயில்ல தூக்கிப் பிடிச்சு ஃபோட்டோ எடுத்து விட்டா எப்படிப் பொழைக்கும்? அதுக்காகத்தான் மேரிலாண்ட் டி.என்.ஆர் (மாநில அரசோட இயற்கை வளத்துறை) கோடைல பச்சை, மஞ்சள், சிவப்புன்னு கொடி மாதிரி நாளுக்கு நாள் அறிவிக்கறாங்க, சிவப்புன்னா ராக்ஃபிஷ் பக்கமே போகாதீங்கன்னு அர்த்தம். ஜூலை கடைசி ரெண்டு வாரம் மூடியே வச்சாங்க. 1985லேருந்து 1990 வரைக்கும் மேரிலாண்ட்ல இந்த மீனப் பிடிக்கவே தடை இருந்துச்சு, அப்படித்தான் அது திரும்பி வந்துச்சு, இப்போ மறுபடியும் சில வருஷமா குஞ்சு எண்ணிக்கை ரொம்ப கம்மி. அந்தக் கேப்டனுக்கு இதெல்லாம் என்னைவிட நல்லாத் தெரியும்.

அவர் பக்கமும் சொல்லணும். டீசல், போட் லோன், வர்றவங்க எல்லாம் ராக்ஃபிஷ் ராக்ஃபிஷ்னு கேக்கறாங்க, முன்ன சார்ட்டர்ல ஆளுக்கு ரெண்டு இருந்தது ஒண்ணாச்சு, பொழப்புதான். ஆனா கூலர் நெறஞ்ச பின்னாடி எதுக்கு?

குளிர்காலத்துல போட்டோமாக் ஆறு, பட்டக்ஸன்ட் ஆறு பக்கம் ப்ளூ கேட்ஃபிஷ் ட்ரிப் இருக்கு, நம்ம கெளுத்தி மாதிரி தான், வர்ஜீனியா ஆறுகள்ல 70கள் 80கள்ல வெளிலேருந்து கொண்டாந்து விட்டது, இப்போ நண்டு, மீன்குஞ்சு எல்லாத்தையும் திங்குது, அதனால பிடிக்க லிமிட்டே இல்ல. புளிக்கொழம்புக்கு நல்லாருக்கும், மனசாட்சி உறுத்தாம அள்ளிட்டு வரலாம்.

இவ்ளோ மேக்கரெல் புகழ் பாடிட்டு, ஃப்ரெண்டுக்கு நான் சொன்ன பதில், ஆகஸ்ட் வேணாம். அப்பா அம்மா டிக்கெட்ட தள்ளிப்போட முடிஞ்சா அக்டோபர் கடைசில வரச்சொல்லுங்க, தண்ணி குளுந்திருக்கும், ராக்ஃபிஷ் மேலயே வந்து பறவைக்கூட்டத்துக்குக் கீழ அடிக்கும், அளவு சரியில்லன்னு விட்டாலும் துள்ளிட்டு ஓடிடும். சதை கொடுவா மாதிரி வெள்ளையா இருக்கும், குழம்புக்கு சரியா வரும். தள்ளிப்போட முடியாது, ஆகஸ்ட் தான்னா புக் பண்ணும்போதே கேப்டன்கிட்ட பேசிடுங்க, மேக்கரெல் மட்டும், அது முடிஞ்சதும் கரைக்கு வந்துடணும்னு. ஒத்துக்கலன்னா வேற போட் பாருங்க. ரூல் வருஷா வருஷம் மாறுது, கெளம்பறதுக்கு முன்னாடி டி.என்.ஆர் அறிவிப்ப ஒரு தடவை பாத்துடுங்க, ஐஸ் ரெண்டு மூட்டை சேத்தே வாங்கிட்டு போங்க.