நிற்க வைத்து எடுத்த எக்ஸ்ரே

மூன்று வாரம் ஊரில் இருந்தேன். வங்கி வேலை, பத்திர வேலை எல்லாம் ஒழுங்காக முடிந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அம்மாவின் முழங்காலைக் காட்டப் போன கதையைத்தான் எழுத வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

அம்மாவுக்கு 71 வயது. போன தடவை நான் வந்தபோது மாடிப்படியில் என்னை முந்திக்கொண்டு ஏறியவர். இந்தத் தடவை கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கட்டிலும் நாற்காலியுமாகவே நாளைக் கழித்துக்கொண்டிருந்தார். ஏன்மா என்று கேட்டால், "வலது மூட்டு தேய்ஞ்சு போச்சாம்டி. நடந்தா இன்னும் தேயுமாம். மிச்சம் இருக்கிறதையாவது பத்திரமா வச்சுக்கறேன்" என்றார். ஆறு மாதத்துக்கு முன்னால் மாத்திரை எழுதிக் கொடுத்தவர் சொன்னதாம். அந்த ஆறு மாதத்தில் அம்மாவுக்கு நான்கு கிலோ எடை கூடியிருந்தது.

சரி, நல்ல எலும்பு மருத்துவராகப் பார்த்துவிடலாம் என்று பெரிய மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துப் போனேன். மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே எக்ஸ்ரே அறைக்கு அனுப்பினார்கள். அம்மாவை மேசையில் படுக்க வைத்து, காலை நீட்டச் சொல்லி, இரண்டு முழங்காலையும் படம் எடுத்தார்கள். பத்து நிமிடத்தில் படம் மருத்துவரின் திரைக்குப் போய்விட்டது. அந்த வேகத்தைப் பார்த்து உண்மையிலேயே அசந்துபோனேன். பிரிட்டனில் நான் இருக்கும் இடத்தில் இதற்கு எத்தனை வாரம் காத்திருக்க வேண்டியிருக்கும் என்று மனம் கணக்குப் போட்டது.

உள்ளே போனதும் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, புடவையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டார், மருத்துவர் தொட்டுப் பார்ப்பதற்கு வசதியாக. அவர் திரையைப் பார்த்தார். "கிரேடு த்ரீ. தேய்மானம் ஜாஸ்தி. இப்போதைக்கு ஊசி போடலாம், ஆனா மூட்டை மாத்திடறதுதான் நல்லது. ரெண்டு காலையும் சேர்த்தே பண்ணிடலாம்." அம்மாவின் இடது காலில் வலியே கிடையாது. அதைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். அம்மா புடவையை இறக்கிவிட்டு எழுந்தார். அந்த முழங்காலை யாரும் தொடவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

எங்கள் பழைய டாக்டரை நினைத்துக்கொண்டேன். கம்பவுண்டர் பேர் சொல்லிக் கூப்பிடும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்த காலம் உங்களுக்கும் தெரியும். அவர் புறங்கையை முதலில் ஒரு மூட்டில் வைப்பார், அப்புறம் இன்னொன்றில் வைப்பார், சூடு வித்தியாசப்படுகிறதா என்று பார்க்க. பிறகு கட்டைவிரலால் சுற்றிலும் அழுத்திக்கொண்டே வருவார். நாம் முகம் சுளிக்கும் இடத்தில் விரல் நிற்கும். அந்த ஐந்து நிமிடத்தில் பாதி வலி போய்விடும்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. போன வருடம் எனக்கே முழங்கால் வலித்தபோது, அங்கே குடும்ப மருத்துவர் கேள்வி கேட்டு, மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "எக்ஸ்ரே தேவையில்லை, பிசியோதெரபிக்குப் போங்கள்" என்று அனுப்பிவிட்டார். ஒரு படம்கூட எடுக்காமல் அனுப்புகிறார்களே என்று அப்போது கோபப்பட்டேன். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் அப்படித்தான் சொல்கிறது என்று இப்போதுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்: 45 வயதுக்கு மேல், நடமாடும்போது வலி, காலை விறைப்பு இல்லை அல்லது அரை மணி நேரத்துக்குள் சரியாகிறது, வேறு சந்தேகம் இல்லை என்றால் படம் இல்லாமலே மூட்டுத் தேய்மானம் என்று முடிவு செய்யலாம்.

அத்தை மகள் சொன்னாள் என்று மறுநாள் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனோம். சின்ன அறை, ஒரு கட்டில், ஒரு நாற்காலி. முப்பது வயதுகூட இருக்காத பெண். முதலில் கேள்விகள்தான். திடீரென்று வீங்கிச் சிவந்ததா? காய்ச்சல் வந்ததா? விழுந்தீர்களா? மடக்கிய கால் நீட்ட முடியாமல் பூட்டிக்கொள்கிறதா? இதில் எதற்காவது ஆமாம் என்றால் உடனே மருத்துவரிடம் அனுப்பியிருப்பேன் என்றார். பிறகு இரண்டு முழங்காலிலும் கை வைத்தார். உள்பக்க ஓரத்தில் அழுத்தியபோது அம்மா "அங்கதான் கண்ணு" என்றார். டேப் எடுத்து இரண்டு தொடையையும் அளந்தார். வலது தொடை இரண்டு சென்டிமீட்டர் சுருங்கியிருந்தது. கடைசியாக, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து முப்பது விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணினார். ஆறு. இந்த வயதுப் பெண்களுக்கு பத்தாவது வர வேண்டுமாம்.

எக்ஸ்ரேயைக் காட்டியதும், "படுக்க வைத்தா எடுத்தாங்க?" என்றுதான் கேட்டார். உடம்பின் பாரம் மூட்டில் இறங்கினால்தான் எலும்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி சரியாகத் தெரியுமாம். எனக்கு மனம் கேட்கவில்லை; வேறு இடத்தில் நிற்க வைத்து எடுத்துக்கொண்டு போனேன். அதில் இடைவெளி இன்னும் குறைவாக இருந்தது! நான் பயந்துபோனேன். அவர் பயப்படவில்லை. படத்தில் மோசமாக இருந்தும் வலியில்லாமல் நடப்பவர்கள் உண்டு, படம் நன்றாக இருந்தும் துடிப்பவர்கள் உண்டு என்றார். அம்மாவின் இடது காலே அதற்குச் சாட்சி. கிரேடு என்பது கெல்கிரென், லாரன்ஸ் என்ற இருவர் 1957-ல் எக்ஸ்ரேக்களைத் தரம் பிரிக்க வகுத்த முறை. அதில் வலிக்கு மதிப்பெண் கிடையாது.

அப்புறம்தான் அந்தத் 'தேய்மானம்'. கை கழுவும் இடத்திலிருந்து ஈர ஸ்பாஞ்சைக் கொண்டுவந்து அம்மாவின் கையில் கொடுத்து, அமுக்கி விடச் சொன்னார். தண்ணீர் வெளியே வந்தது, விட்டதும் உள்ளே இழுத்துக்கொண்டது. "மூட்டுல எலும்பு முனையை மூடியிருக்கிற ஜவ்வுக்கு ரத்தக்குழாய் கிடையாதும்மா. நீங்க நடக்கும்போது அமுங்கி விரியறதுலதான் அதுக்குச் சாப்பாடு போகுது. இது செருப்பு இல்லை, நடந்தா தேயறதுக்கு." அம்மா ஸ்பாஞ்சை நான்கைந்து முறை அமுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் ஆறு மாதமாக நடக்காமல் இருந்தது அந்த ஒரு சொல்லுக்குப் பயந்துதான்.

வலிக்கு மாத்திரைக்கு முன் மேலே தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல்லையே முயலலாம் என்றார்; வலி மாத்திரைகளைத் தொடர்ந்து விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடலாம், அம்மாவுக்கு ரத்த அழுத்தம் வேறு. கைத்தடியை வலிக்காத பக்கக் கையில் பிடிக்க வேண்டும். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் மூட்டுக்கு நான்கு கிலோ பாரம் குறையுமாம். கூடிய நான்கு கிலோவை அப்படிப் பெருக்கிப் பார்த்தேன்.

ஊசிகளைப் பற்றி ராத்திரி உட்கார்ந்து படித்தேன். ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைத் தணிக்கும், வீக்கத்தோடு துடிப்பவருக்கு அது பெரிய உதவிதான். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு வருடம் போட்டுப் பார்த்த 2017 ஆய்வில், வெறும் உப்புநீர் ஊசியைவிட வலி குறையவில்லை, ஜவ்வுதான் கூடுதலாகத் தேய்ந்தது. 2020-ல் 156 பேரை வைத்துச் செய்த ஒப்பீட்டில், ஒரு வருடக் கடைசியில் ஸ்டீராய்டு ஊசிக்காரர்களைவிட பிசியோதெரபிக்காரர்கள் நன்றாக இருந்தார்கள். சொந்த ரத்தத்திலிருந்து எடுத்துப் போடும் பிஆர்பி ஊசியும் 2021-ல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில் உப்புநீரைத் தாண்டவில்லை.

மூட்டு மாற்று அறுவை சிகிச்சையை நான் குறை சொல்லவில்லை. அது தேவைப்பட்டவர்களுக்கு வாழ்க்கையையே திருப்பிக் கொடுத்திருக்கிறது. மாற்றிய மூட்டுகளில் பத்துக்கு எட்டு 25 வருடம்வரை தாங்குகின்றன. பிசியோதெரபிப் பயிற்சியை மாதக்கணக்கில் ஒழுங்காகச் செய்தும் ராத்திரித் தூக்கம் போகிறது, வீட்டுக்குள்ளேயே நடக்க முடியவில்லை என்ற நிலை வந்தால் நானே அம்மாவைக் கூட்டிப் போவேன். ஆனால் தொடாத முழங்காலுக்கு, அதுவும் வலிக்காத இடது காலுக்கும் சேர்த்து, அந்தப் பேச்சை எடுத்ததைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

நான் திரும்பி வந்து எட்டு வாரம் ஆகிறது. நேற்று வீடியோ காலில் அம்மா எழுந்து உட்கார, நான் எண்ணினேன். ஒன்பது. "பத்து வரலையேடி" என்று மூச்சு வாங்கச் சொல்லிவிட்டு, "இரு, மாடியில துணி காயுது, மழை வர்ற மாதிரி இருக்கு" என்று போனை நாற்காலியிலேயே வைத்துவிட்டுப் போனார். திரையில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. படியில் அம்மாவின் காலடிச் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது.