புதினா, முருங்கை உலர்த்த 5 தட்டு டிஹைட்ரேட்டர் சரிப்படுமா?

250 வாட், வட்டமான 5 பிளாஸ்டிக் தட்டு, அடியில் ஹீட்டரும் விசிறியும், 35 முதல் 70 டிகிரி வரை திருகும் குமிழ். பழச்சீவலை மனதில் வைத்துச் செய்த வகை இது. இலைகளுக்கும் நன்றாகவே உழைக்கிறது, குமிழ் 40-ஐத் தாண்டாதவரை. புதினாவின் மணம் இலைமேல் உள்ள நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகளில் இருக்கிறது. 60-ல் வைத்தால் சீக்கிரம் காயும். ஈரத்தோடு வாசனையும் பறந்து வைக்கோல்தான் மிஞ்சும். குமிழின் எண்ணை அப்படியே நம்பாமல், அடித்தட்டில் ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பது நல்லது.

அலசிய இலையைப் பருத்தித் துணியில் பரப்பி, ஃபேனுக்கடியில் நீர் வற்றிய பிறகே தட்டில் ஏற்ற வேண்டும். சொட்டும் ஈரத்தோடு போட்டாலும், கசங்கிய இலையைப் போட்டாலும் கறுத்துவிடும். ஒன்றன்மேல் ஒன்று படியாமல் ஒரே அடுக்கு. 40 டிகிரியில் முருங்கைக்கு 3 முதல் 4 மணி நேரம், புதினாவுக்கு 4 முதல் 5, ஈர்க்கிலிருந்து உருவிய கறிவேப்பிலைக்கு 5 முதல் 6 ஆகும். நொறுங்கினால் பதம்; வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. கொத்தமல்லித்தழையை இதில் போடவே வேண்டாம், எந்தச் சூட்டிலும் அதன் மணம் நிற்பதில்லை.

பெரிய குறை விசிறியின் இடம். அடித்தட்டு மொறுமொறுக்கும்போது மேல்தட்டு வாடித்தான் இருக்கும். ஒரு மணி நேரத்துக்கொருமுறை தட்டுகளை மேல்கீழாக மாற்றியே ஆக வேண்டும். இன்னொன்று, காய்ந்து சுருங்கிய முருங்கையிலை தட்டின் ஓட்டை வழியாக விசிறிக்குள் உதிரும். மெல்லிய மல் துணியை வட்டமாக வெட்டி விரித்தால் உதிராது, நேரம் சற்றுக் கூடும்.

5 மணி நேரம் ஓடினாலும் செலவு ஒன்றேகால் யூனிட்டைத் தாண்டாது. சித்திரை, வைகாசியில் நிழலில் பரப்பினாலே இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும், மின்சாரமே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிழலில் போட்டது பூஞ்சை பிடிக்கும்; அப்போதுதான் இந்தக் கருவிக்குக் கொடுத்த காசு வீண்போகவில்லை என்று தெரியும்.

சூடு ஆறியதும் உடனே கண்ணாடிப் பாட்டிலில் அடைக்க வேண்டும். திறந்து கிடந்தால் நமுத்துவிடும். மறுநாள் உட்புறம் ஆவி படிந்திருந்தால் இன்னொரு மணி நேரம் ஓட்டுங்கள். பொடிக்காமல் முழு இலையாக வைத்தால் மணம் நீடிக்கும். 100 கிராம் புதினா இலை காய்ந்தால் சுமார் 15 கிராம்தான், அதனால் சின்னப் பாட்டிலே போதும்.

குமிழே இல்லாமல் சுவிட்ச் மட்டும் வரும் மலிவு மாடலில் சூட்டைக் குறைக்க வழியில்லை. இலை உலர்த்த அதை வாங்காதீர்கள்.