கிளஸ்டரைக் கேட்பதா, நோடுக்குள் போய்ப் பார்ப்பதா?

பாலக்காடு அருகே கஞ்சிக்கோட்டில் ஓடும் ஒரு செஃப் ஸ்டோரேஜ் கிளஸ்டரை, அதாவது பல சர்வர்களின் டிஸ்குகளை ஒரே சேமிப்பிடமாகச் சேர்த்து வைத்திருக்கும் அமைப்பை, பார்த்துக்கொள்வது என் வேலை. அதிலுள்ள ஒவ்வொரு சர்வரும் ஒரு நோடு. உதிரிப் பாகம் எதுவானாலும் கோயம்புத்தூரிலிருந்து வாளையார் தாண்டித்தான் வரும். ரேம் வேண்டும் என்றால் போனில் கடைக்காரர் எடுத்த எடுப்பிலேயே கேட்பது, "டிடிஆர் 4-ங்களா 5-ங்களா? ரெஜிஸ்டர்டா? எந்த ஸ்பீடுங்க?" என்றுதான். அதற்குப் பதில் தருகிற கட்டளைதான் எனக்கு நல்ல கட்டளை.

செஃப்ஏடிஎம் வைத்து நிறுவிய கிளஸ்டரில் 'செஃப் ஆர்க் ஹோஸ்ட் எல்எஸ்' கட்டளையை டீடெயில் ஆப்ஷனோடு கொடுத்தால் எல்லா நோடுகளின் மாடல், சிபியூ, ரேம், டிஸ்க் எண்ணிக்கை ஒரே பட்டியலில் வந்துவிடும். எந்த நோடு மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடிக்க இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. ஆனால் இது ஏற்கெனவே சேகரித்து வைத்த தகவல். 'செஃப் ஓஎஸ்டி மெட்டாடேட்டா'வும் அப்படித்தான்: ஓஎஸ்டி (ஒரு டிஸ்கைக் கவனித்துக்கொள்ளும் செஃப் புரோகிராம்) கடைசியாக எழுந்தபோது மானிட்டரிடம் (கிளஸ்டரின் நிலவரத்தை வைத்திருக்கும் புரோகிராம்) சொன்னதைச் சொல்லும். அதில் வரும் மெமரி அளவு, கர்னல் தனக்கு ஒதுக்கிக்கொண்டது போக மீதி. எட்டு 32 ஜிபி ரேமில் ஒன்று செத்தால் மொத்தம் குறைந்தது தெரியும். எந்த ஸ்லாட் என்று தெரியாது.

அங்கேதான் நோடுக்குள் எஸ்எஸ்எச் வழியாகப் போய் ரூட்டாக 'டிஎம்ஐடிகோட்' ஓட்ட வேண்டும். மெமரி வகையைக் கேட்டால் ஸ்லாட் ஸ்லாட்டாகப் பிரித்துச் சொல்லும்: பெயர், அளவு, வகை, பார்ட் நம்பர், ரேமின் ஸ்பீடு, அப்புறம் அது இப்போது ஓடுகிற ஸ்பீடு. கடைக்காரரின் மூன்று கேள்விகளுக்கும் பதில் இந்த ஒரே திரையில் இருக்கிறது. ஒன்று கவனிக்க வேண்டும்: இது பயாஸ் எழுதி வைத்ததைப் படித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் 'ஐபிஎம்ஐடூல் செல் லிஸ்ட்' கொடுத்து ஈசிசி பிழை (ரேம் தானே கண்டுபிடிக்கிற மெமரிப் பிழை) பதிவாகியிருக்கிறதா பாருங்கள். இந்தப் பதிவை வைத்திருக்கும் பிஎம்சி (சர்வரைக் கண்காணிக்கும் சிறு சிப்) தனியாக இயங்குவதால், நோடு எழும்பாமல் கிடந்தாலும் இன்னொரு கணினியிலிருந்து நெட்வொர்க் வழியே கேட்கலாம்.

நெட்வொர்க் கார்டுக்கு 'எல்எஸ்பிசிஐ'யை இரட்டை வி-யோடு ரூட்டாக ஓட்டுங்கள். லிங்க் கேப்பபிலிட்டியில் எட்டு லேன் (கார்டுக்கும் போர்டுக்கும் இடையே டேட்டா போகும் தடம்), லிங்க் ஸ்டேட்டஸில் நாலு லேன், பக்கத்தில் 'டவுன்கிரேடட்' என்று இருந்தால் கார்டு சரியாக உட்காரவில்லை, அல்லது ஸ்லாட்டே அவ்வளவுதான். கிளஸ்டர் பட்டியலில் இந்தக் கார்டு ஒரு குறையும் இல்லாமல் நிற்கும். டிஸ்க் செத்தபின் செஃப் டேட்டாவை மறுபடி நிரப்பும் ரெக்கவரி ஏன் மெதுவாகப் போகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் முன் இதைப் பார்ப்பது நல்லது.

டிஸ்க் விஷயத்தில் மட்டும் என் ஓட்டு கிளஸ்டருக்கே. 'ஸ்மார்ட்சிடிஎல்' சீரியல் எண் தரும். ஆனால் அந்த டிஸ்க் எந்த ஓஎஸ்டியுடையது என்று அதற்குத் தெரியாது. 'செஃப் டிவைஸ் எல்எஸ்' இரண்டையும் ஒரே வரியில் சேர்த்துக் காட்டும். கழற்றும் முன் 'செஃப் டிவைஸ் லைட் ஆன்' கொடுத்தால், சேஸிஸ் ஆதரித்தால், அந்த டிரேயின் விளக்கு எரியும்.