ஆற்றுக்கா, ஆய்வகத்துக்கா?

இளங்கலைக் கோடை விடுமுறையில் நன்னீர் மீன் ஆய்வு செய்ய இரண்டு வழி உண்டு. மோயாற்றின் திமில் முதுகு மகசீரை எடுத்துக்கொள்வோம். 2018-இல் ஐயுசிஎன் (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) 'மிக அருகிவிட்ட இனம்' என்று பட்டியலிட்ட மீன்.

ஆய்வகத்தில் ஆற்றுத் தண்ணீரை வடிகட்டினால், மீனின் வழவழப்பிலும் கழிவிலும் இருந்து உதிர்ந்த டிஎன்ஏ வடிதாளில் தங்கும். டிஎன்ஏவை நகலெடுக்கும் பிசிஆர் முறை அதைப் பெருக்கிக் காட்டும். மீனைத் தொடவே வேண்டாம். அரிய இனத்துக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி! ஆனால் இருப்பது குஞ்சா, சினை மீனா என்று தெரியாது. கையுறை மாற்ற மறந்தாலே வேறு டிஎன்ஏ கலந்து முடிவு கெட்டுவிடலாம்.

களத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று, கரையோரக் கூழாங்கல் இடுக்கில் குஞ்சுகள் ஒதுங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முதல் கோடை என்றால் ஆற்றுக்கே போங்கள். வனத்துறை அனுமதிக்கு மட்டும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.